காட்டப்படாத கோணம்

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், பெர்லினுக்கு வடமேற்கே ஸ்டோல்ன் என்னும் சிற்றூரை ஒட்டிய கோலன்பெர்க் குன்றிலிருந்து ஓட்டோ லிலியன்தால் தம் கிளைடரில் பறந்தார். மரச்சட்டமும் துணியும் கொண்டு தாமே வடிவமைத்த இறக்கைகளில் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 2000 முறை பறந்தவர் அவர். அன்று கிளைடரின் மூக்கு மேல்நோக்கி எழுந்தது. முன்னேறும் வேகம் தேய்ந்தது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து அது வீழ்ந்தது. முதுகெலும்பு முறிந்த லிலியன்தால் மறுநாள் பெர்லினில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 48.

இம்மரணத்தில் உறைந்திருக்கும் முரண் நம் சிந்தனைக்குரியது. காற்றுக்கு எதிரே ஓர் இறக்கையை எத்தனை பாகை சாய்த்தால் எவ்வளவு தூக்குவிசை கிடைக்கும் என்பதைப் பொறுமையுடன் அளந்து அட்டவணையாக்கியவர் லிலியன்தால். பறவைப் பறத்தலைப் பற்றி 1889இல் அவர் வெளியிட்ட நூலின் உயிர்நாடியே அந்த அளவீடுகள்தாம். தரையில் நின்று அக்கோணத்தை அளந்தவருக்கு, வானில் தம் இறக்கை அக்கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்ல ஒரு கருவியும் இருக்கவில்லை. காற்று முகத்தில் மோதும் உணர்வையும் உடலின் எடையுணர்வையும் மட்டுமே நம்பி அவர் பறந்தார்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. இன்றும் சிறு விமானங்கள் பலவற்றில் விமானியின் முன்னுள்ள பலகையில் அந்தக் கோணத்தைக் காட்டும் கருவி இல்லை. அது இருந்தால் சிறு விமானம் ஓட்டுவோருக்கு உண்மையில் பயனுண்டா என்பது விமானிகளிடையே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கு. பொறியியல் வழக்காகத் தோன்றினும், ஒன்றை நேரே அறிவதற்கும் அதன் அடையாளத்தைக் கொண்டு ஊகிப்பதற்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றிய வழக்கு அது. ஆதலால் இலக்கியம் வாசிக்கும் நமக்கும் அதில் அக்கறை கொள்ள இடமுண்டு.

*

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே உள்ளங்கையைத் தட்டையாக நீட்டிப் பார்க்காத சிறுவர் நம்மில் இலர். கையின் முன்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் காற்று கையை மேலே தள்ளும். எதிர்வரும் காற்றின் திசைக்கும் கைக்கும் இடையிலான அந்தச் சாய்வே தாக்குகோணம். விமான இறக்கைக்கும் இதுவே விதி. கோணம் கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும்; ஆனால் ஓர் எல்லை வரையில்தான். சாதாரணச் சிறு விமான இறக்கைகளில் 15 முதல் 18 பாகை அளவில் அந்த எல்லை வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிச் சென்ற காற்று பிய்ந்துபோகிறது, தூக்குவிசை சரிகிறது, விமானம் விழத் தொடங்குகிறது. இதனை விமானிகள் ஸ்டால் என்பர். கார் இன்ஜின் அணைந்துபோவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்குவதால், இன்ஜின் நின்றதாகவே செய்தித்தாள் வாசகர் பலரும் பொருள்கொள்கின்றனர். இன்ஜின் முழு வலிமையோடு முழங்கிக்கொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகலாம்.

மற்றொரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். தாக்குகோணம் என்பது விமானத்தின் மூக்கு அடிவானத்தோடு கொள்ளும் கோணமன்று. அடிவானம் கண்ணுக்குத் தெரியும். எதிர்வரும் காற்று தெரியாது. மூக்கு தரையை நோக்கியிருக்கையிலும், விமானி கட்டுப்பாட்டுத் தண்டைக் கடுமையாகத் தன்பால் இழுத்தால் இறக்கை அந்த எல்லையைக் கடந்துவிடும். கண் காணாத இந்தக் கோணம்தான் பறத்தலின் உயிர்நிலை.

*

லிலியன்தாலின் மரணச் செய்தி அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திவந்த ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைக் கிளறியது. அவர்கள் லிலியன்தாலின் அட்டவணையைக் கொண்டே தங்கள் முதல் கிளைடர்களை வடிவமைத்தனர். 1900, 1901 ஆண்டுகளில் பறந்து பார்த்தபோது எதிர்பார்த்த தூக்குவிசை கிட்டவில்லை. ஆகவே 1901இன் பிற்பகுதியில் தாமே ஒரு சிறு காற்றுச் சுரங்கம் கட்டி, பற்பல இறக்கை வடிவங்களைப் பற்பல கோணங்களில் சோதித்தனர். லிலியன்தாலின் அளவீடுகள் பெரிதும் சரியென்றும், பிழை அக்காலத்தவர் அனைவரும் கையாண்ட ஒரு பழைய மாறிலியில் இருந்ததென்றும் தெளிந்தனர். லிலியன்தாலின் முடிவை மனத்தில் இருத்தியே, மூக்கை ஏற்றி இறக்கும் தகட்டை விமானத்தின் முன்புறத்தில் வைத்தனர். 1903 டிசம்பர் 17இல் அவர்கள் பறந்தது உலகறிந்த கதை.

அதற்குப் பிந்தைய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1912 முதல் அமெரிக்க ராணுவம் வாங்கிய 'மாடல் சி' வகை ரைட் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்து நொறுங்கின. இளம் அதிகாரிகள் பலர் மாண்டனர். ராணுவம் விமானத்தின் வடிவமைப்பை ஐயுற்றது. 1912இல் அண்ணன் வில்பர் காய்ச்சலில் மறைந்தபின் தனியே நின்ற ஆர்வில் ரைட், விமானிகள் அறியாமலே இறக்கையை ஸ்டால் ஆக்கிவிடுகின்றனர் என்று கருதினார். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை விமானிக்குக் காட்டும் கருவி ஒன்றையும் அவர் உருவாக்கினார். 1914 பிப்ரவரியில் ராணுவம் பின்னிருந்து தள்ளும் விசிறி கொண்ட அவ்வகை விமானங்களையே கைவிட்டது. இரு தரப்பிலும் உண்மை இருந்திருக்கக்கூடும். நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே: தாக்குகோணமானி அண்மைக் காலத்துப் புதுமையன்று, விமானத்தின் குழந்தைப் பருவத்திலேயே பிறந்து, பிறகு மறக்கப்பட்ட பொருள்.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் மற்றொரு பாடம் நிகழ்ந்தது. 1912 ஆகஸ்ட் 25இல் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி ஓட்டிய ஆவ்ரோ விமானம் ஸ்டால் ஆகிச் சுழன்று வீழலாயிற்று. சுழல் வீழ்ச்சியில் சிக்கியவர் மீளும் வழி அன்று எவருக்கும் தெரியாது. அறிந்த உபாயங்களெல்லாம் பொய்த்தபின், அவர் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் மிதித்தார்; விமானம் நிமிர்ந்தது. உயிர்தப்பியவர் உடனே தம் அனுபவத்தைத் தோழர்களிடம் விரித்துரைத்தார். ஆயினும் அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் மாண்டுபோனார். முதற்காலத்து விமானிகள் அறிவை ஈட்டியதும் அதற்கு விலை கொடுத்ததும் இவ்வாறுதான்.

*

ஆர்வில் ரைட்டின் கருவி ஏன் நிலைக்கவில்லை? அதன் இடத்தை வேகமானி பிடித்துக்கொண்டது. ஹென்றி பீத்தோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1732இல் சேன் நதியின் நீரோட்டத்தை அளக்கக் கண்ட குழாய், காற்றின் வேகத்தை அளக்கவும் பொருந்தியது. மலிவானது, எளியது, பழுதாவது குறைவு. அது தருவதோ ஓர் எண். எண்ணைக் கற்பிப்பது எளிது: "இந்த வேகத்துக்குக் கீழே போகாதே" என்று ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இச்சொல்லில் உண்மை இல்லாமலும் இல்லை. குறிப்பிட்ட எடையோடு நேராகவும் மட்டமாகவும் பறக்கும் விமானத்தில் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு தாக்குகோணம் உண்டு. வேகம் குறைந்தால், அதே எடையைத் தாங்கக் கோணம் கூடியாக வேண்டும். ஆகவே வேகமானி கோணத்தின் பதிலியாக வேலை செய்கிறது. சிக்கல், பதிலி எப்போதும் பதிலியாகவே இருப்பதுதான். எடை மாறினால் கணக்கு மாறுகிறது. விமானம் திரும்பினால் வெகுவாக மாறுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நேராகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் ஒரு சிறு விமானத்தை எண்ணிக்கொள்வோம். உயரம் குறையாமல் 30 பாகை சாய்ந்து திரும்பினால் அது 54 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 45 பாகையில் ஏறத்தாழ 59 நாட். 60 பாகையில் இறக்கை இருமடங்கு எடையைச் சுமக்க நேர்வதால் 71 நாட். விமானம் அதுவே, விமானி அவரே. மனப்பாடம் செய்த எண் மட்டும் பொய்த்துவிடுகிறது. இங்கே குற்றவாளி சாய்வு அன்று, இழுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சாய்ந்திருக்கும்போதே விமானி தண்டைத் தளர்த்தி மூக்கை இறங்கவிட்டால் இறக்கையின் சுமை குறையும். தாக்குகோணம் எல்லாக் கணக்கையும் தன்னுள் அடக்கியது. எடை எதுவாயினும், திருப்பம் எதுவாயினும், அதே இறக்கை ஏறத்தாழ அதே கோணத்தில்தான் ஸ்டால் ஆகிறது.

இந்த நுட்பம் உயிரோடு விளையாடும் இடம் ஒன்றுண்டு. தரையிறங்க வரும் சிறு விமானம் ஓடுதளத்தின் நேர்கோட்டுக்கு வரக் கடைசியாக ஒரு முறை திரும்புகிறது. உயரம் சில நூறு அடி. பின்னிருந்து காற்று தள்ளினால் நேர்கோட்டைத் தாண்டிவிடுவோம் என்று விமானிக்குத் தோன்றுகிறது. தரை இவ்வளவு அருகில் இருக்கையில் அதிகம் சாய அஞ்சி, சுக்கானை மிதித்து மூக்கை ஓடுதளத்தின் பக்கம் தள்ளுகிறார். மூக்கு தாழ்கிறது, அதைத் தாங்கத் தண்டை இழுக்கிறார். கண் முழுதும் ஓடுதளத்தின்மேல். ஓர் இறக்கை முந்தி ஸ்டால் ஆகிறது. விமானம் சுழன்று வீழ்கிறது. மீளும் வித்தை தெரிந்திருந்தும், மீளத் தேவையான உயரம் அங்கில்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2011 வரை நிகழ்ந்த உயிர்ப்பலி கொண்ட சிறு விமான விபத்துகளில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவை விமானி கட்டுப்பாட்டை இழந்ததால் நேர்ந்தவை என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. அவை அனைத்தும் ஸ்டால் அல்ல. ஆனால் அவற்றில் ஸ்டாலின் பங்கு பெரிது.

*

இந்த இழப்பைத் தடுக்க மூன்று வழிகளை வரலாறு முயன்று பார்த்தது. முதல் வழி கல்வி. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வொல்ஃப்காங் லாங்கவீஷா 1944இல் வெளியிட்ட 'ஸ்டிக் அண்ட் ரட்டர்' என்னும் நூல், தாக்குகோணத்தை உணர்வதே பறத்தல் கலையின் அடிப்படை என்று வாதிட்டது. விமானிகள் அதனை இன்றளவும் வாங்கிப் படிக்கின்றனர். இரண்டாம் வழி, விமானத்துக்கே கடிவாளமிடுதல். ஃப்ரெட் வீக் வடிவமைத்து 1940இல் சான்று பெற்ற 'எர்கூப்' விமானத்தில் தண்டை இழுக்கும் அளவு வரையறுக்கப்பட்டதால் சுழல் வீழ்ச்சிக்கே அது இடங்கொடுக்கவில்லை. மூன்றாம் வழி எச்சரிக்கை. லெனர்ட் கிரீன் 1946இல் தொடங்கிய நிறுவனம் ஸ்டால் எச்சரிக்கைக் கருவியைப் பரப்பியது. செஸ்னா 172 போன்ற விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை உண்டு. கோணம் எல்லையை நெருங்கும்போது அதன்வழி காற்று உறிஞ்சப்பட்டு, நாதசுரத்தின் சீவாளி அதிர்வதுபோல் உள்ளே ஒரு நாக்கு அதிர்ந்து ஊளையிடும். மின்சாரமே தேவையில்லாத எளிய அறிவு அது. 1949இல் அமெரிக்கா தனியார் விமானிகளுக்குச் சுழல் வீழ்ச்சிப் பயிற்சி கட்டாயம் என்ற விதியை நீக்கியது. மீளக் கற்பிப்பதைவிட விழாமல் காக்கக் கற்பிப்பதே மேல் என்பது அதன் பின்னிருந்த எண்ணம்.

கோணத்தையே நேராகக் காட்டும் வழியை விடாது பற்றிக்கொண்டவர்கள் அமெரிக்கக் கடற்படையினர். விமானந்தாங்கிக் கப்பலின் குறுகிய தளத்தில் இறங்கும் போர் விமானத்துக்கு எரிபொருளும் ஆயுதமும் ஏறி இறங்க, எடை ஒவ்வொரு முறையும் வேறு. அதற்கேற்ப வேகமும் வேறு. கோணம் மட்டும் ஒன்றே. விமானியின் கண்பார்வையிலேயே மூன்று விளக்குகளை அவர்கள் வைத்தனர். நடுவிலுள்ள வளையம் ஒளிர்ந்தால் கோணம் சரி. மேலுள்ள அம்பு ஒளிர்ந்தால் கோணம் மிகுதி. கீழுள்ளது ஒளிர்ந்தால் குறைவு. தலை குனிந்து எண்ணைப் படிக்க வேண்டியதில்லை.

சிறு விமானங்களுக்கு இது வந்துசேராமைக்குப் பெருங்காரணம் செலவு. சான்றளிக்கப்பட்ட விமானத்தில் எந்தக் கருவியைப் பொருத்தவும் நீண்ட ஒப்புதல் நடைமுறை வேண்டும். தாமே விமானம் கட்டிக்கொள்ளும் ஆர்வலர்களுக்கு அத்தடை இல்லாததால், அவர்கள் முன்னரே இக்கருவிகளைப் பொருத்திக்கொண்டனர். 2014 பிப்ரவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் ஒரு நிபந்தனையும் இட்டது: வேகமானிக்கும் எச்சரிக்கை ஒலிக்கும் துணையாகவே இது இருக்கலாம், அவற்றின் இடத்தைப் பிடிக்கலாகாது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் திரும்பிவந்த கருவிக்குத் திண்ணையில்தான் இடம் கிடைத்தது எனலாம்.

*

எதிர்த்தரப்பினரின் வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கடைசித் திருப்பத்தில் விமானியின் கண் வெளியே இருக்கவேண்டும். அங்கே இன்னொரு முள்ளைப் பார்க்கச் சொல்வது கவனத்தைச் சிதைக்கும் என்கின்றனர். எச்சரிக்கை ஊளையையே கேளாதவர் விளக்கையா பார்ப்பார் என்று வினவுகின்றனர். ஃப்ளாப் இறங்கினால் இறக்கையின் வடிவமே மாறிவிடுகிறது. அளவு திருத்தாத கருவி பொய்சொல்லும். கருவி இருக்கிறதென்ற துணிவில் எல்லையருகே விளையாடும் மனமும் உண்டு. ஐகான் ஏ5 என்னும் சிறு கடல் விமானம் தாக்குகோணமானியைப் பலகையின் முதன்மையான இடத்திலேயே கொண்டது. 2017 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஒருவர் அத்தகைய விமானத்தை நீர்மட்டத்தை ஒட்டி ஆபத்தான வித்தைகளில் செலுத்தி மாண்டார். கருவி அவர் கண்முன் இருந்தது. ஆனால் மருந்துகளால் மங்கிய நிலையில் எடுத்த முடிவே விபத்துக்குக் காரணமென விசாரணை கண்டது. தீர்மானத்தில் நேர்ந்த பிழையைக் கருவி திருத்துவதில்லை.

பெரிய விமானங்களின் வரலாறு இருபுறமும் சாட்சி சொல்கிறது. 2009 ஜூன் 1இல் அட்லாண்டிக்கில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் 447இல் பனிப்படிகங்கள் வேகக் குழாய்களை அடைத்தன. விமானம் சுமார் 38,000 அடியிலிருந்து, மூக்கு மேல்நோக்கியிருக்கவே, மூன்றரை நிமிடம் ஸ்டாலில் வீழ்ந்தது. 228 பேர் மாண்டனர். வேகத்தின் அளவீடு மிகத் தாழ்ந்ததும் கணினி கோணத்தின் அளவீட்டை நம்பாமல் விட்டது, எச்சரிக்கை நின்றது. விமானி மூக்கைத் தாழ்த்தியபோதோ எச்சரிக்கை மீண்டும் ஒலித்தது. சரியானதைச் செய்தவனை அதட்டி, தவறானதைச் செய்தவனிடம் மௌனம் காத்தது இயந்திரம். கோணத்தை அந்த விமானம் அளந்துகொண்டுதான் இருந்தது. விமானிகளுக்கு நேராகக் காட்டவில்லை. அதனைக் காட்டுவது குறித்து ஆராயும்படி 2012இல் பிரெஞ்சு விசாரணை அமைப்பு பரிந்துரைத்தது. மறுபுறம், 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் வீழ்ந்த இரு போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் ஒற்றைக் கோண உணரி தந்த தவறான அளவை நம்பி, மென்பொருளே மூக்கைத் தரைநோக்கி மீண்டும் மீண்டும் தள்ளியது. மாண்டவர் 346 பேர். முதலதில் கோணம் மனிதருக்குச் சொல்லப்படவில்லை. அடுத்ததில் பொய்யான கோணம் இயந்திரத்துக்குச் சொல்லப்பட்டு, அது மனிதரை மீறி இயங்கியது.

*

ஆகப் பயனுண்டா? உண்டு என்பதே நம் துணிபு. ஆனால் அப்பயன் பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. கடைசிக் கணத்தில் கையைப் பிடித்து இழுத்துக் காக்கும் தெய்வமாக இக்கருவியைக் கருதினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தக் கணத்தில் கண்ணைவிடக் காது உதவும். ஆதலால் கோணம் கூடக்கூடச் சுருதி மாறும் ஒலியாகத் தருவது, முள்ளாகத் தருவதைவிட மேல். விபத்துக் கணக்கைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்ப்பதும் கடினம். தவிர்க்கப்பட்ட வீழ்ச்சிக்கு எவரும் விசாரணை அறிக்கை எழுதுவதில்லை.

பயன் பயிற்சிக்காலத்தில் இருக்கிறது. போதிய உயரத்தில், நல்ல ஆசிரியர் பக்கத்தில் அமர, மாணவர் மேற்சொன்ன விமானத்தை 62 நாட் வேகத்தில் நேராகப் பறக்கவிடுகிறார் என்போம். கருவி அமைதியாக இருக்கும். அதே 62 நாட்டில் 45 பாகை சாய்ந்து, உயரம் குறையாதபடி தண்டை இழுத்துத் திரும்பச் சொல்கிறார் ஆசிரியர். வேகமானியின் முள் அசையவில்லை. கோணமானியோ சிவப்பை நோக்கி ஏறுகிறது. பின்பு சாய்வை மாற்றாமலே இழுப்பை மட்டும் தளர்த்தச் சொல்கிறார், சிவப்பு தணிகிறது. கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் பதியாத பாடம் இரு நிமிடங்களில் கைக்கும் கண்ணுக்கும் ஒருசேரப் பதிகிறது. இந்தப் பயிற்சியைப் பெற்றவர், கருவியே இல்லாத பழைய விமானம் ஒன்றில் ஏறினாலும், கடைசித் திருப்பத்தில் தம் கை தண்டை எவ்வளவு இழுக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பார். அப்பயிற்சி இல்லாதவருக்கு அதே கருவி பலகையில் இன்னொரு விளக்கு மட்டுமே. ஆகவே கருவிக்குச் செலவிடத் துணியும் பறத்தல் கழகங்கள் அதனை முதலில் பொருத்தவேண்டியது பயிற்சி விமானத்தில் என்பதே நாம் சொல்லத் துணிவது.